வாளும் அம்புக்குறியும்: சந்தியாகு திருப்பயண எழுத்துகளை முன்வைத்து

திருப்பயணத்தைப் பற்றி எழுதப்பட்ட ஒரு நூலைப் படித்து முடித்ததும் வாசகர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த நூலில் நடந்து செல்பவரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? அவருக்குக் கதவு திறந்தவர், தண்ணீர் கொடுத்தவர், பாலம் கட்டியவர், அவருக்குப் பின்னால் வரப்போகிறவர் ஆகியோருக்கு அதில் இடம் உண்டா? நடையழகு, வருணனை, தத்துவம் என்பனவெல்லாம் இந்தக் கேள்விக்குப் பிறகு வரவேண்டியவை. இந்த ஓர் அளவுகோலைக் கையில் கொண்டு, ஐரோப்பாவின் புகழ்பெற்ற திருப்பயணப் பாதையில் பிறந்த எழுத்துகள் சிலவற்றை மதிப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்பெயின் நாட்டின் வடமேற்குக் கோடியில், கலீசியாப் பகுதியில், சந்தியாகு தெ கொம்போஸ்தேலா என்னும் நகரம் உள்ளது. செபதேயுவின் மகனும் யோவானின் சகோதரருமாகிய திருத்தூதர் யாக்கோபின் கல்லறை அங்கே உள்ளது என்பது ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வழங்கிவரும் மரபு. பெலாயோ என்னும் தவமுனிவர் அங்கு ஒளியைக் கண்டதாகவும், ஆயர் தெயொதெமீர் கல்லறையை அடையாளம் கண்டதாகவும், அரசர் இரண்டாம் அல்ஃபோன்சோ அங்கே கோயில் எழுப்பியதாகவும் அந்த மரபு கூறும். 1589-இல் ஆங்கிலேயக் கடற்படைக்கு அஞ்சி மறைத்துவைக்கப்பட்ட எலும்புகள் 1879-இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. 1884-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் அவற்றை ஏற்றுக்கொண்டார். வரலாற்றறிஞர் பலர் இன்றும் ஐயுறுகின்றனர். அந்த ஆராய்ச்சி இங்கு நமக்குத் தேவையில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் அந்தக் கல்லறையை நோக்கி நடந்தார்கள் என்பதில் ஐயமில்லை.

இயேசுவின் சீடர் என்ற நிலையில் நாம் 'யாக்கோபு' என்று வாசிக்கும் இவரே, நம் கடற்கரை ஊர்களில் 'சந்தியாகப்பர்' என வணங்கப்படுகிறார். போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்த பெயர் அது. 1647-இல் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் பாடிய அம்மானையும் 'சந்தியோகுமையோர்' என்றே அவரைச் சுட்டுகிறது. ஆகவே இந்தப் பாதையைப் பற்றிய பேச்சு நமக்கு முற்றிலும் அயலானதன்று.

பிரான்சு எல்லையிலுள்ள சேன் ழான் பியே தெ போர் என்னும் ஊரிலிருந்து, பிரெனே மலையைக் கடந்து, வட ஸ்பெயினின் குறுக்கே ஏறத்தாழ 780 கிலோமீட்டர் செல்வது 'பிரெஞ்சுப் பாதை'. இதுவே பலராலும் நடக்கப்படுவது. 1980-களின் நடுவில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேருக்கு மேல் கொம்போஸ்தேலாவில் திருப்பயணச் சான்றிதழ் பெற்றதில்லை. 2024-இல் பெற்றவர்கள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர். இந்தப் பெருக்கத்தில் நூல்களுக்கும் பங்குண்டு. எனவே அந்நூல்கள் வாசகனுக்கு எதைக் கற்றுக்கொடுத்தன என்று கேட்பது வெறும் இலக்கிய விசாரணை மட்டும் அன்று.

பழைய வழிகாட்டி

கொம்போஸ்தேலாப் பேராலயக் காப்பகத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த இலத்தீன் கையெழுத்துச் சுவடி ஒன்று உள்ளது. 2011-இல் திருடுபோய் 2012-இல் மீட்கப்பட்டபோது உலகச் செய்தியானது அது. திருத்தந்தை இரண்டாம் கலிஸ்துவின் பெயரை அது தாங்கியிருப்பினும் அவர் எழுதியதன்று. மறையுரைகள், புதுமைகள், திருவுடல் கொண்டுவரப்பட்ட கதை, சார்லமேன் மன்னனின் கதை என்பனவற்றோடு அதன் ஐந்தாம் நூலாக அமைந்திருப்பது பயணிகளுக்கான வழிகாட்டி. எமெரிக் பிக்கோ என்னும் பிரெஞ்சுக் குரு எழுதியதாகப் பலர் கருதுவர், உறுதியில்லை. பதினொரு இயல்கள் கொண்ட சிறிய நூல் அது.

இதன் முதற் சிறப்பு, அது உடலை மறக்காமை. எந்த ஆற்று நீரைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக்கூடாது என்பதற்கென்று ஓர் இயலே ஒதுக்கப்பட்டுள்ளது. எந்த ஊரில் நல்ல ரொட்டி கிடைக்கும், எங்கே ஈயும் குளவியும் தொல்லை தரும், எங்கே ஓடக்காரர்கள் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றி ஓடத்தைக் கவிழ்த்து, மூழ்கியவர்களின் உடைமைகளைப் பறிப்பார்கள் என்பதையெல்லாம் ஆசிரியர் எச்சரிக்கிறார். ஆன்மாவின் பயணத்தைப் பற்றி அவர் விரிவாகப் பேசுவதில்லை. கால் தேயாமலும் வயிறு கெடாமலும் ஒருவன் கல்லறையை அடைய வேண்டும் என்பதே அவருடைய கவலை. இந்தக் கவலையும் அன்பின் ஒரு வடிவந்தான்.

இரண்டாவது சிறப்பு ஐந்தாம் இயலில் உள்ளது. நூலிலேயே மிகச் சிறிய இயல்களுள் ஒன்று அது. ரபனாலிலிருந்து போர்த்தோமரீன் வரையுள்ள கடினமான மலைவழியை 1120-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இறையன்பை முன்னிட்டுச் செப்பனிட்ட சிலருடைய பெயர்கள் அங்கே வரிசையாகத் தரப்படுகின்றன. அந்திரேயா, ரொஜர், ஆல்வீத்து, ஃபோர்த்து, அர்னால்து, ஸ்தேவான் என்பவர்கள். மீஞ்ஞோ ஆற்றின்மீது இடிக்கப்பட்டுக் கிடந்த பாலத்தை மீண்டும் கட்டிய பேதுரு. இவர்கள் மன்னரும் அல்லர், ஆயரும் அல்லர். கல்லும் மண்ணும் சுமந்த இவர்களுடைய ஆன்மாக்களும் இவர்களுக்குத் துணைநின்றோரின் ஆன்மாக்களும் இளைப்பாற வேண்டும் என ஆசிரியர் மன்றாடுகிறார். இந்தப் பெயர்ப்பட்டியலைத் தன்னுள் சேர்த்துக்கொண்ட ஒரே காரணத்துக்காகவே இந்நூலை உயர்ந்த திருப்பயண இலக்கியம் எனலாம்.

ஆனால் இதே நூலின் ஏழாம் இயல் படிப்பவரை முகம் சுளிக்க வைக்கும். தம் சொந்தப் பகுதியாகக் கருதப்படும் புவாத்து நாட்டவரை வீரர், அழகர், ஈகையாளர் என்று புகழும் ஆசிரியர், நவார்ரா மக்களையும் பாஸ்க்கு மக்களையும் மனிதராகவே மதிப்பதில்லை. அவர்கள் உண்பது பன்றி உண்பதுபோல், பேசுவது நாய் குரைப்பதுபோல் என்கிறார். காசுக்காக ஒரு பிரெஞ்சுக்காரனைக் கொல்லவும் தயங்கார் என்கிறார். அவர்கள் பத்தில் ஒரு பங்கு காணிக்கையை ஒழுங்காகச் செலுத்துகிறார்கள் என்று ஒப்புக்கொண்டபோதும் வசை நின்றபாடில்லை.

இந்த வசையின் நடுவே ஒரு வியப்பும் உண்டு. நாய் குரைப்பு என்று தாம் பழித்த அதே மொழியிலிருந்து சில சொற்களை அவர் பொருளோடு எழுதிவைத்திருக்கிறார். பாஸ்க்கு மொழிக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சொற்பட்டியல்களுள் அது ஒன்று என மொழியறிஞர் போற்றுவர். அவர் எழுதிவைத்த சொற்கள் எவை? இறைவன், இறைவனின் தாய், ரொட்டி, திராட்சை இரசம், இறைச்சி, மீன், வீடு, வீட்டுத் தலைவர், வீட்டுத் தலைவி, கோயில், குரு, கோதுமை, தண்ணீர், அரசர், புனித யாக்கோபு. பசித்தவன் வாசலில் நின்று கேட்கும் சொற்கள் இவற்றில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எவரை இகழ்ந்தாரோ அவர்களுடைய வாசலில் நின்று, அவர்களுடைய சொல்லாலேயே ரொட்டி கேட்கவேண்டிய நிலை அவருக்கு வந்திருக்கிறது. நூலாசிரியரின் மனம் கற்காததை அவருடைய வயிறு கற்றுக்கொண்டது. பாதை செய்யும் வேலை இதுவே.

நூலின் கடைசி இயல் திருப்பயணிகளை எவ்வாறு வரவேற்க வேண்டும் என்பதைப் பற்றியது. ஏழையாயினும் செல்வராயினும் அவர்களை ஏற்றுக்கொள்பவர் யாக்கோபை மட்டுமன்றி ஆண்டவரையே ஏற்றுக்கொள்கிறார் என்னும் நற்செய்திப் போதனையோடு நூல் நிறைவுபெறுகிறது. வழிகாட்டி நூலின் கடைசிச் சொல் நடப்பவனைப் பற்றியதாக இல்லாமல், நடப்பவனை வரவேற்பவனைப் பற்றியதாக அமைந்திருப்பது பேரழகு. ஆயினும் ஆசிரியர் அங்கும் தம் இயல்பை விடவில்லை. வரவேற்க மறுத்தவர்களுக்கு நேர்ந்தவற்றை அடுக்குகிறார். ரொட்டி இல்லையென்று பொய் சொன்ன பெண்ணின் சாம்பலுக்குள் ரொட்டி கல்லாயிற்று. மறுத்த நெசவாளியின் துணி கிழிந்து விழுந்தது. புவாத்தியே நகரில் ஒரு தெரு முழுவதும் பயணிகளுக்குக் கதவடைத்தது. இடம் கொடுத்த ஒரு வீடு தப்ப, மற்ற வீடுகள் எரிந்து சாம்பலாயின.

இந்த இடத்தில் லூக்கா நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் நம் நினைவுக்கு வரவேண்டும். எருசலேமை நோக்கி நடந்துசென்ற இயேசுவைச் சமாரியர் ஊர் ஒன்று ஏற்றுக்கொள்ளவில்லை. வானத்திலிருந்து தீ இறங்கி அவர்களை அழிக்கும்படி சொல்லலாமா என்று கேட்டவர்கள் இருவர். அவர்களுள் ஒருவர் இந்த யாக்கோபே. இயேசு திரும்பி அவர்களைக் கடிந்துகொண்டு வேறோர் ஊருக்குப் போனார். ஆக, புவாத்தியே தெருவை எரித்த கதை, ஆண்டவர் மறுத்த தீயை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு மூட்டிப் பார்க்கிறது. தம் திருத்தூதர் எந்தப் பாடத்தைக் கடிந்துரையால் கற்றாரோ, அதை அவருடைய வழிகாட்டி நூல் கற்கவில்லை.

திருத்தூதர் கையில் வாள்

வழிகாட்டி மூட்டிய அந்தத் தீ, சிற்பத்திலும் ஓவியத்திலும் வாளாக மாறியது. திருத்தூதர் பணிகள் பன்னிரண்டாம் அதிகாரத்தின்படி, ஏரோது யாக்கோபை வாளால் கொன்றான். அதாவது, விவிலியத்தில் யாக்கோபுக்கும் வாளுக்கும் உள்ள ஒரே தொடர்பு, அவர் வாளுக்குப் பலியானவர் என்பதே. ஆனால் ஸ்பெயினில் அவர் வெள்ளைக் குதிரைமேல் வாளோங்கி, இசுலாமியரான மூர் இனத்தவரை வெட்டி வீழ்த்தும் வீரராக ஆக்கப்பட்டார். 844-இல் கிளவீஹோ என்னுமிடத்தில் நிகழ்ந்த போரில் அவர் அவ்வாறு தோன்றியதாகக் கதை வழங்கியது. அப்படி ஒரு போரே நடக்கவில்லை என்பது வரலாற்றறிஞர் முடிபு. அக்கதையைத் தாங்கிவந்த சாசனம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் புனையப்பட்டது. அதன் பேரால் உழவர்களிடமிருந்து கொம்போஸ்தேலாவுக்குத் தானிய வரி வசூலிக்கப்பட்டது. 1812-இல் காதிஸ் நகரில் கூடிய நாடாளுமன்றம் அந்த வரியை ஒழிக்க ஆணையிட்டது. அந்த உருவமோ கடல் கடந்து பரவியது. நம் கடற்கரைக் கோயில்களிலும் சந்தியாகப்பர் குதிரையேறி நிற்பதன் தோற்றுவாய் இதுவே.

இதே பேராலயத்தில் வேறொரு யாக்கோபும் உண்டு. 1188-இல் சிற்பி மத்தேயு மகிமை வாயிலுக்குக் கதவுநிலைக் கற்களை ஏற்றினார். அதன் நடுத்தூணில் யாக்கோபு அமர்ந்திருக்கிறார். கையில் ஊன்றுகோல், முகத்தில் அமைதி. வாள் இல்லை. பயணிகள் முதலில் சந்தித்தது இவரையே. இன்னும் பல ஊர்களில் அவர் சிப்பி பதித்த தொப்பியும் தண்ணீர்க் குடுவையும் அணிந்து, தம்மைத் தேடி வருபவர்களைப் போலவே ஒரு திருப்பயணியாக நிற்கிறார். தேடிச் செல்லப்படுபவரே தேடி நடப்பவரின் உடையை அணிந்துகொள்வது மக்களின் பக்தி கண்டுபிடித்த ஆழ்ந்த இறையியல். எம்மாவு வழியில் சீடரோடு சேர்ந்து நடந்தவரின் சாயல் அதில் உண்டு. பேராலயத்துக்குள் இருக்கும் குதிரைவீரர் சிலையின் கீழ்ப்பகுதியை, அங்கே வெட்டுண்டு கிடக்கும் மனித உருவங்கள் தெரியாதவாறு, பிற்காலத்தில் மலர்களால் மறைத்துவைத்தனர். மலரால் மறைக்க வேண்டியிருக்கிறது என்பதே அந்தச் சிற்பத்தைப் பற்றிய நேர்மையான விமர்சனம்.

வாளைத் தேடிய எழுத்தாளர்

நம் காலத்துக்கு வருவோம். 'ரசவாதி' வழியாகத் தமிழ் வாசகருக்கு அறிமுகமான பிரேசில் எழுத்தாளர் பாலோ கொயலோ, 1986-இல் இந்தப் பாதையில் நடந்தார். அந்த அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு 1987-இல் ஒரு நூல் வெளியிட்டார். போர்த்துக்கீசிய மொழியில் அதன் பெயருக்கு 'ஒரு மந்திரவாதியின் நாட்குறிப்பு' என்பது பொருள். மறைபொருட் சபை ஒன்றின் சடங்கில் தமக்கு வழங்கப்படவிருந்த வாளை, தம் செருக்கினால் இழந்துவிடுகிறார் கதைசொல்லி. அந்த வாள் சந்தியாகுப் பாதையில் எங்கோ இருக்கிறது, போய்க் கண்டெடு என்று அனுப்பப்படுகிறார். பெத்ருஸ் என்னும் வழிகாட்டி வழிநெடுக அவருக்கு விதை, வேகம் எனப் பல பயிற்சிகளைக் கற்பிக்கிறார். வாசகரும் செய்துபார்க்கும்படி அவை நூலில் தனித்தனியே தரப்பட்டுள்ளன.

நூலைக் குறைத்து மதிப்பிடுவது முறையன்று. அதற்கு வேகம் உண்டு. சாவைப் பற்றிய அச்சத்தையும் தோல்வியின் கசப்பையும் மறைக்காமல் பேசும் பக்கங்கள் உண்டு. அரிய ஞானம் எளிய மக்களின் வழியிலேயே உள்ளது என்பதே தாம் கற்ற பாடம் என ஆசிரியர் அறிவிக்கிறார். பாடம் நன்று. ஆனால் அந்த எளிய மக்கள் நூலில் எங்கே? வழியில் எதிர்ப்படுபவர்கள் பெரும்பாலும் கதைசொல்லியின் அகவளர்ச்சிக்கான சோதனைகளாகவும் குறிப்புகளாகவும் வந்துபோகிறார்கள். ஆளொழிந்து கிடந்த ஃபோன்செபதோன் மலையூரில் ஒரு நாயோடு அவர் போரிடுகிறார். அது தீய ஆவியோடு நடத்தும் போராக வருணிக்கப்படுகிறது. பல நூற்றாண்டுகள் பயணிகளுக்கு இடம் கொடுத்த ஓர் ஊர் ஏன் வெறிச்சோடிப்போனது, அங்கிருந்த உழவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி அந்தப் போரின் இரைச்சலில் அமுங்கிப்போகிறது. ஊர் ஒரு மேடையாகிவிடுகிறது, அவ்வளவே.

கடைசியில் ஓ செப்ரெய்ரோ என்னும் மலையூரில், ஓர் ஆட்டுக்குட்டியைப் பின்தொடர்ந்து சென்று, அவர் தம் வாளைப் பெறுகிறார். வாளைக் கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்று அறிவதே வாளின் இரகசியம் என உணர்கிறார். கல்லறை இருக்கும் நகருக்கு இன்னும் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் உண்டு. ஆனால் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. நகரம் பின்னுரையாகச் சுருங்கிவிடுகிறது. தேடியது கிடைத்தபின் திருத்தூதரின் கல்லறைக்கு அந்தக் கதையில் வேலையில்லை. பழைய வழிகாட்டி கல்லறையை அடைந்தபின் வரவேற்பைப் பேசியது. புதிய நூல் கல்லறையை அடையுமுன்பே தன்னைக் கண்டடைந்து நிறைவுகொள்கிறது.

'நான்' என்று எழுதுவதே குற்றமா என்று கேட்கலாம். குற்றமன்று. புனித அகுஸ்தீனாரின் 'அறிக்கைகள்' முழுவதும் 'நான்' என்னும் குரலே ஒலிக்கிறது. ஆனால் அந்த 'நான்' ஒவ்வொரு பக்கத்திலும் 'நீர்' என்று ஒருவரை அழைக்கிறது. தாய் மோனிக்காவுக்காக அழுகிறது. இறந்த நண்பனுக்காக ஏங்குகிறது. மற்றொருவரை நோக்கித் திரும்பிய 'நான்' இலக்கியத்துக்கும் இறைவேண்டலுக்கும் உரியது. தன்னையே சுற்றிவரும் 'நான்' எத்தனை நூறு கிலோமீட்டர் நடந்தாலும் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது.

நகைச்சுவையாளரின் நாட்குறிப்பு

ஜெர்மானிய நகைச்சுவைக் கலைஞர் ஹாப்பே கெர்கெலிங் 2001-இல் இப்பாதையில் நடந்து, 2006-இல் வெளியிட்ட நூல் ஜெர்மனியில் இலட்சக்கணக்கில் விற்றது. அதன் தலைப்பை 'சரி, நான் போய்வருகிறேன்' என்று தமிழில் சொல்லலாம். திடீரெனக் காது கேளாமையும் பித்தப்பை அறுவைச் சிகிச்சையும் அவரைப் பாதைக்குத் துரத்தின. தாம் வீரர் என்று அவர் காட்டிக்கொள்வதில்லை. மூச்சு வாங்குகிறது, கால் வலிக்கிறது, சில இடங்களில் பேருந்திலும் தொடர்வண்டியிலும் ஏறிவிடுகிறார், பொது விடுதிகளைத் தவிர்த்து ஓட்டல்களை நாடுகிறார். இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிறார். தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவனுக்கு மனமாற்றம் தொலைவில் இல்லை.

ஒவ்வொரு நாளின் முடிவிலும் 'இன்றைய தெளிவு' என ஒரு வரி எழுதுகிறார். நாளுக்கொரு தெளிவு என்பது கணக்குப் புத்தகத்தில் வரவு வைப்பதுபோல் தோன்றுவதுண்டு. ஆண்டவருடைய செயல் அன்றாடம் மாலையில் ஒரு வரிக்குள் அடங்கிவிடுமா என்ற ஐயமும் எழும். இருப்பினும் நூலின் பிற்பகுதியில் இங்கிலாந்தையும் நியூசிலாந்தையும் சேர்ந்த பெண்கள் இருவர் அவருக்கு வழித்துணையாகிறார்கள். அங்கே நூலின் தன்மை மாறுகிறது. தனியாக இறைவனைத் தேடிப் புறப்பட்டவர், இருவருக்காகக் காத்திருக்கவும் கவலைப்படவும் கற்றுக்கொள்கிறார். ஆசிரியர் முடிவில் எழுதும் தெளிவுகளைவிட, அந்தக் காத்திருப்பே உறுதியான தெளிவு. கொயலோவின் நூலில் பாதை ஒரு பள்ளிக்கூடம். கெர்கெலிங்கின் நூலில் அது மெல்ல மெல்ல ஒரு குடும்பமாகிறது. நம் அளவுகோலின்படி இந்த நகைச்சுவை நூலே மேலானது என்று தயங்காமல் சொல்லலாம்.

இந்த நூல்களைப் படித்துவிட்டுப் பாதைக்கு வருபவர்களை ஏளனம் செய்வது அருள்பணியாளருக்கு அழகன்று. கொம்போஸ்தேலாவில் சான்றிதழ் கேட்பவர்களிடம், சமயக் காரணமா, சமயமும் பிறவும் கலந்த காரணமா, சமயம் சாராத காரணமா என்று வினவுவது வழக்கம். தாம் ஏன் நடந்தோம் என்பதை அந்த மூன்று கட்டங்களுக்குள் அடக்க இயலாதவர்களே மிகுதியாக இருப்பார்கள். மாற்கு நற்செய்தியில் யாக்கோபும் யோவானும்கூட இயேசுவுக்கு வலமும் இடமும் அமரும் இருக்கைகளை விரும்பியே பின்தொடர்ந்தார்கள். அவர் அவர்களை விலக்கவில்லை, நடக்க விட்டார். நோக்கம் நடையில் தூய்மையடையும். குறைசொல்ல வேண்டியது அந்தத் தூய்மையைத் தடுத்து, முதல் நாள் ஆசையையே கடைசி நாள் ஞானமாக அலங்கரித்துக் கொடுக்கும் எழுத்தை மட்டுமே.

மஞ்சள் அம்பு

கொயலோ தம் வாளைப் பெற்றதாக எழுதிய அதே ஓ செப்ரெய்ரோவில், அதே ஆண்டுகளில், ஒரு பங்குக் குரு வாழ்ந்துகொண்டிருந்தார். அவர் பெயர் எலியாஸ் வலீஞா. 1929-இல் பிறந்தவர். சந்தியாகுப் பாதையின் வரலாற்றையும் சட்டநிலையையும் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், பனியும் மூடுபனியும் சூழ்ந்த ஏழை மலையூருக்கு 1959 முதல் மேய்ப்பர். அங்குள்ள பழைய கோயிலையும், வைக்கோல் வேய்ந்த கல்வீடுகளையும், பயணியர் விடுதியையும் சீர்ப்படுத்தினார்.

அவர் நூல்களும் எழுதினார். ஆனால் அவருடைய தலைசிறந்த எழுத்து தாளில் எழுதப்பட்டதன்று. 1984-இல், சாலைக்கு வண்ணமடித்து மிஞ்சிய மஞ்சள் வண்ணத்தைப் பெற்றுக்கொண்டு, தம் சித்ரோயன் காரில் ஏற்றி, பிரெஞ்சுப் பாதை நெடுக மரத்திலும் பாறையிலும் சுவரிலும் அம்புக்குறிகளை வரைந்தார். பாதை பல இடங்களில் புதர்மண்டி மறைந்துபோயிருந்த காலம் அது. பிரெனே மலைப்பகுதியில் ஐயமுற்ற காவலர்கள் அவரை மறித்து, என்ன செய்கிறீர் என்று வினவியதாகவும், பிரான்சிலிருந்து பெரியதொரு படையெடுப்புக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று அவர் விடையளித்ததாகவும் ஒரு செய்தி வழங்கிவருகிறது. அது நிறைவேறவும் செய்தது. குதிரையோ வாளோ இல்லாத படையெடுப்பு. 1989-இல் அவர் இறந்தார். அவர் வரைந்த குறி இன்று உலகெங்கும் அறியப்பட்ட அடையாளமாகிவிட்டது.

அந்த அம்புக்குறியை நாம் ஒரு பனுவலாகவே வாசிக்கலாம். அதில் ஆசிரியர் பெயர் இல்லை. அனுபவ வருணனை இல்லை. 'நான் இங்கே வந்தேன்' என்று அது சொல்வதில்லை. 'நீ இவ்வழியே போ' என்கிறது. எழுதியவர் தமக்காக எழுதவில்லை, அவருக்கு வழி தெரியும். தாம் ஒருபோதும் காணப்போகாத ஒருவர், மூடுபனியில், களைத்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்கும் அந்த ஒரு கணத்துக்காக எழுதினார். நாடு, மொழி, சமயம் கேட்காமல் அது எல்லாருக்கும் வழி சொல்கிறது. பழைய வழிகாட்டியில் நாம் போற்றிய ஐந்தாம் இயலை நினைவுகூருங்கள். ரபனாலுக்கும் போர்த்தோமரீனுக்கும் இடையே பாதை செப்பனிட்டோரின் பெயர்கள் அங்கே உள்ளன. ஓ செப்ரெய்ரோ அந்த வழித்துண்டில்தான் இருக்கிறது. அந்த வரிசையில் எண்ணூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின் சேரவேண்டிய ஒரு பெயர் வலீஞா.

ஓ செப்ரெய்ரோக் கோயிலுக்கு ஒரு பழங்கதை உண்டு. கடும் பனிப்புயல் நாளொன்றில், அண்டைச் சிற்றூரிலிருந்து ஓர் உழவர் மலையேறித் திருப்பலிக்கு வந்தார். நம்பிக்கை தளர்ந்திருந்த குரு, சிறிது அப்பத்துக்கும் இரசத்துக்குமாக இவ்வளவு தொலைவு வந்தாயே என்று மனத்துக்குள் இகழ்ந்தார். அப்பொழுது அவர் கையில் அப்பமும் இரசமும் தசையும் குருதியுமாயின. அக்கதைக்குரிய கிண்ணம் இன்றும் அங்கே போற்றப்படுகிறது. கதையின் உட்பொருள் நமக்கு முக்கியம். வந்தவரை இகழ்ந்தவனுக்கே, வந்தவரின் நடை நற்செய்தி அறிவித்தது. நடந்து வருபவர் நமக்கு ஒன்றைக் கொண்டுவருகிறார் என்று அறிந்த குருவால்தான் மஞ்சள் அம்பு வரைய முடியும்.

அம்புக்குறியும் களங்கப்படாமலில்லை. சில இடங்களில் கடைக்காரர்கள் தம் பக்கம் பயணிகளைத் திருப்புவதற்குத் தாமே அம்பு வரைந்துவிடுவதுண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சுவடியிலுள்ள மறையுரையொன்று, பயணிகளை எதிர்கொண்டு சென்று இனிக்கப் பேசி ஏமாற்றும் விடுதிக்காரர்களைக் கடுமையாகச் சாடுகிறது. எட்டு நூற்றாண்டுகளில் தந்திரம் அதிகம் மாறிவிடவில்லை. கூட்டம் பெருகியதால், நடப்பவர் படுக்கைக்காக ஒருவரையொருவர் முந்தி ஓடும் நிலையும் உண்டு. எனினும் விடுமுறையில் தம் செலவில் வந்து, பதினைந்து நாள் ஊதியமின்றித் தரை துடைத்து, சூப்பு காய்ச்சி, புண்பட்ட கால்களுக்குக் கட்டுப்போடும் தன்னார்வ விடுதிப் பணியாளர்களும் அப்பாதையில் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் முன்பு அதே பாதையில் நடந்தவர்கள். நடந்தவர் வரவேற்பவராக மாறுவதே ஒரு திருப்பயணம் கனிதந்ததற்கு நாம் கேட்கக்கூடிய சான்று. பேராலய அலுவலகம் தரும் சான்றிதழ் அதற்குப் பிற்பட்டதே.

2027-ஆம் ஆண்டு யாக்கோபின் திருநாளாகிய ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வருவதால், அது கொம்போஸ்தேலாவுக்குப் புனித ஆண்டு. அப்போது இன்னும் பல நூல்கள் வெளிவரும். அவற்றுள் சில தமிழுக்கும் வரக்கூடும். வாசகர் அவற்றைக் கையில் எடுக்கும்போது, தொடக்கத்தில் சொன்ன கேள்வியை மறவாதிருப்பாராக. ஆசிரியர் வழியில் என்ன பெற்றார் என்று நூலே நமக்குச் சொல்லிவிடும். பின்வருபவருக்காக அவர் எதை விட்டுச்சென்றார் என்பதை நாமே தேடிப் பார்க்க வேண்டும். கல்லைப் புரட்டி வழி செய்த அந்திரேயாவும் ஸ்தேவானும் எதுவும் எழுதவில்லை. அவர்கள் பெயரை எழுதிவைக்கத் தோன்றிய கணத்தில்தான், ஏனையோரை இகழ்ந்த அந்தப் பழைய ஆசிரியரும் உண்மையான திருப்பயணியாக இருந்தார்.